ஆறாவது இருக்கை

வளரும் குடும்பம், அளவான வருவாய், அடுத்த வண்டி: கையெழுத்திடும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமைக் காலை. உறவினர் வீட்டுக் காதணி விழாவிற்குப் புறப்பட வேண்டும். வாசலில் நிற்பது ஒன்பது ஆண்டுகள் உழைத்த சிறிய கார். முன்னிருக்கைகளில் கணவனும் மனைவியும்; பின்னால் பாட்டியும் ஏழு வயது மகளும் எட்டு மாதக் குழந்தைக்கான தனி இருக்கையும். தாத்தா ஒரு முறை வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். பிறகு, "எனக்கு முழங்கால் வலி. நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கூடத்து நாற்காலிக்குத் திரும்புகிறார்.

புனேயாயினும் புவனேஸ்வராயினும் கோவையாயினும் இக்காட்சி நம்மில் பலருக்குப் புதிதன்று. அந்தக் கார் வாங்கப்பட்டபோது வீட்டில் இருந்தோர் மூவர், இன்று அறுவர். வண்டியில் உள்ள சீட் பெல்ட்டுகளோ ஐந்து. எனவே ஒன்று குழந்தை மடியில் அமர வேண்டும். இல்லையேல் பெரியவர் வீட்டில் அமர வேண்டும்.

தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்று நாம் எண்ணுகிறோம். ஓடும் வண்டியில் அவ்வாறு எண்ணுதல் தவறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அக்கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் வலிமை கைகளுக்கு வேண்டும். எந்தத் தாயின் கைகளுக்கும் அது இயலாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தைக்குரிய பாதுகாப்பு இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வோருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

ஆகவே இத்தகைய குடும்பம் வண்டியை மாற்ற நினைப்பதை ஆடம்பரம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் எங்கள் கிளைகளுக்கு வாகனக் கடன் நாடி வருவோருள் பலர், வண்டியை முடிவு செய்து, முன்பதிவுத் தொகையும் செலுத்திய பின்னரே கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றனர். இந்த வரிசையை மாற்றினால் பெருந்தொகை மிஞ்சும். மேற்கண்ட குடும்பத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, மாதம் கைக்கு வரும் வருவாய் 90,000 ரூபாய் என வைத்துக்கொண்டு, படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு குறிப்பேடு

ஷோரூமுக்குச் செல்வதற்கு முன் நான்கு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு எழுதுங்கள். ஒவ்வொரு பயணத்திற்கும் நாள், சென்றவர் எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டர், சுமை என்ன என்பவை போதும். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் ஏட்டில் பெரும்பாலான நாள்களில் அலுவலகமும் பள்ளியுமே இருக்கும். வண்டியில் இருவர் அல்லது மூவர். ஆறு பேரும் ஒன்றாகச் சென்றது நான்கு வாரத்தில் ஒரே நாள் என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 13 நாள்கள்.

இந்த எண்ணை வைத்து ஓர் எளிய கணக்குப் போடலாம். ஒரே தரமுள்ள ஐந்திருக்கை வண்டியைவிட ஏழிருக்கை வண்டி 2 லட்சம் ரூபாய் கூடுதல் எனில், ஐந்தாண்டுப் பயன்பாட்டில் ஆண்டுக்கு 40,000 ரூபாய். வாடகை வண்டிக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் எனில், அதே 40,000 ரூபாயில் 13 நாள்கள் பயணம் செய்யலாம். ஆண்டில் ஐந்தாறு நாள்கள் மட்டுமே அனைவரும் சேர்ந்து செல்லும் குடும்பத்திற்கு ஐந்திருக்கை வண்டியும் வாடகை வண்டியுமே சிக்கனம். நம் குடும்பமோ சரியாக எல்லைக் கோட்டில் நிற்கிறது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? குறிப்பேட்டில் இன்னொரு பத்தியைச் சேர்க்குமாறு பரிந்துரைக்கிறோம்: "வராமல் நின்றவர்." நடந்த பயணங்களை மட்டும் எண்ணினால், இடமில்லை என்பதை உணர்ந்து தாமே ஒதுங்கிக்கொண்டவர்கள் கணக்கில் வருவதில்லை. முழங்கால் வலி என்று தாத்தா நான்கு வாரத்தில் ஐந்து முறை சொல்லியிருந்தால், அந்த வலி முழங்காலில் மட்டும் இல்லை என்பதை ஏடு காட்டிவிடும். அந்த ஐந்து நாள்களையும் சேர்த்துக்கொண்டால் இக்குடும்பத்திற்கு ஆறாவது இருக்கை தேவை என்பது தெளிவாகிறது.

ஏழிருக்கை என்னும் பெயர்

விளம்பரத்தில் ஏழு இருக்கைகள் என்று இருப்பதாலேயே ஏழு பேரும் அவர்தம் பெட்டிகளும் அடங்கிவிடும் என்று கொள்ளலாகாது. நான்கு மீட்டர் நீளத்திற்குள் அடங்கும் ஏழிருக்கை வண்டி ஒன்றில், மூன்றாம் வரிசை நிமிர்ந்து நிற்கையில் டிக்கியின் கொள்ளளவு 84 லிட்டர் மட்டுமே. அவ்வரிசையைக் கழற்றிவிட்டால் 625 லிட்டர். முதல் நிலையில் குழந்தையின் தள்ளுவண்டிகூட நுழையாது. எனவே ஆறு பேர் உள்ள வீட்டினர், மூன்றாம் வரிசையின் இரு இருக்கைகளையும் தனித்தனியே மடிக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் ஆள், மற்றதை மடித்த இடத்தில் சுமை. சி.என்.ஜி. வண்டியை நாடுவோர், எரிவாயு உருளை டிக்கியில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதையும் நேரில் காண வேண்டும்.

வெள்ளோட்டத்திற்குக் குடும்பத் தலைவர் மட்டும் செல்வது நம் வழக்கம். அவ்வாறின்றி ஆறு பேரும் செல்லுங்கள். குழந்தையின் இருக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இரண்டாம் வரிசையின் இரு ஓர இருக்கைகளில்தான் இருக்கும். மூன்றாம் வரிசைக்குச் செல்லும் வழியும் அவற்றுள் ஒன்றை மடித்தே திறக்கும். மடிக்க வேண்டிய பக்கத்திலேயே குழந்தையின் இருக்கையைப் பொருத்திவிட்டால், பின்வரிசைக்கு வழி அடைபட்டுவிடும். மறுபக்கத்தில் பொருத்த இயலுமா என்பதை அங்கேயே சோதித்துவிடலாம். எட்டு மாதக் குழந்தைக்குரிய, பின்னோக்கிய இருக்கையை ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கலாகாது.

தாத்தாவும் பாட்டியும் தாமாக ஏறி இறங்கட்டும். இருக்கை மிகத் தாழ்ந்திருந்தால் எழ முடியாது. மிக உயர்ந்திருந்தால் ஏற முடியாது. உயரமான வண்டி எல்லாம் முதியோருக்கு ஏற்றது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டா. மூன்றாம் வரிசையில் கால் மணி நேரம் அமர்ந்து செல்லுங்கள். தலை தாங்கி உள்ளதா, சீட் பெல்ட் எளிதில் பூட்டுகிறதா, குளிர்காற்று வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

பாதுகாப்பை அளக்க இப்போது ஓர் அளவுகோல் உள்ளது. 2023இல் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் திட்டம், மோதல் சோதனைகளின் அடிப்படையில் கார்களுக்கு நட்சத்திரத் தகுதி வழங்குகிறது. பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒன்று, குழந்தைகளின் பாதுகாப்புக்கு ஒன்று என இரு மதிப்பீடுகள் உண்டு. குழந்தை உள்ள வீட்டினர் இரண்டையும் கேட்டறிய வேண்டும்.

விலையின் முழு உருவம்

விளம்பரத்தில் காண்பது எக்ஸ்-ஷோரூம் விலை. சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியன சேர்ந்த ஆன்-ரோடு விலையே நாம் செலுத்துவது. சாலை வரி மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். புதிய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மூன்றாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதால், முதல் நாள் செலவு கூடும்.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி மாற்றத்தையும் நினைவில் கொள்ளுங்கள். நான்கு மீட்டர் நீளத்திற்கும் 1,200 சி.சி.க்கும் மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு வரி 18 சதவீதம். நீளமோ எஞ்சின் திறனோ இவ்வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம். டீசல் கார்களுக்கு எஞ்சின் வரம்பு 1,500 சி.சி. வரம்புக்குள் அடங்கும் வண்டியே போதும் என்ற நிலையில் உள்ள குடும்பத்திற்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

அதே தொகைக்கு, மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய பெரிய ஏழிருக்கை வண்டியும் கிடைக்கக்கூடும். அதன் முதற்கட்ட மதிப்பிழப்பை முந்தைய உரிமையாளரே தாங்கியிருப்பார். ஆனால் பழைய வண்டிக் கடனுக்கு வட்டி பொதுவாகச் சற்றுக் கூடுதல். தவணைக் காலமும் குறைவு. வாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு பதிவு நாள், காப்பீடு, நிலுவையிலுள்ள கடன் ஆகியவற்றைச் சரிபார்த்து, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பின்னரே விலை பேசுங்கள்.

தவணை சொல்லாத செய்தி

நம் குடும்பம் தெரிவு செய்த வண்டியின் ஆன்-ரோடு விலை 9 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். பழைய காருக்கு 2 லட்சம், சேமிப்பிலிருந்து 1 லட்சம் போக, கடன் 6 லட்சம். ஆண்டு வட்டி 9 சதவீதம் எனில் ஐந்தாண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 12,455 ரூபாய். ஏழாண்டுக்குச் சுமார் 9,653 ரூபாய். மாதம் 2,800 ரூபாய் குறைகிறதே என்று ஏழாண்டைத் தெரிவு செய்வோர் பலர். ஆனால் மொத்த வட்டி முன்னதில் ஏறத்தாழ 1,47,000 ரூபாய். பின்னதில் 2,11,000 ரூபாய். ஐந்தாண்டுகள் முடியும்போது முதலாமவர் கடனின்றி இருப்பார். இரண்டாமவர் இன்னும் 2,11,000 ரூபாய் அசல் பாக்கி வைத்திருப்பார். கடன் வழங்கும் வங்கியே இவ்வாறு எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இடையூறின்றிக் கடனைச் செலுத்தி முடிக்கும் வாடிக்கையாளரே எங்களுக்கும் நன்மை.

"வெறும் 7 சதவீதம்" என்ற சொல்லைக் கேட்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: ஃபிளாட் ரேட்டா, குறையும் நிலுவைக்கு வட்டியா? ஃபிளாட் முறையில், கடன் குறைந்துகொண்டே வந்தாலும் முழு 6 லட்சத்திற்கும் ஐந்தாண்டு வட்டி கணக்கிடப்படும். அதன்படி 7 சதவீதம் என்பது, குறையும் நிலுவை முறையில் ஏறக்குறைய 12.5 சதவீதத்திற்குச் சமம். 2024 அக்டோபர் முதல், ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். வெவ்வேறு கடன்களை அந்த ஓர் எண்ணைக் கொண்டு ஒப்பிடுங்கள். கடனை முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தவணையோடு செலவு முடிவதில்லை. மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 105 ரூபாய் எனில் எரிபொருள் 7,000 ரூபாய். காப்பீட்டிற்கு மாதம் 2,500, சர்வீஸுக்கும் டயருக்கும் 1,500 ஒதுக்கினால், ஐந்தாண்டுத் தவணையோடு மொத்தம் 23,455 ரூபாய். வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்.

இதைத் தாங்க முடியுமா என்பதை அறிய ஓர் ஒத்திகை உண்டு. இப்போதைய கார் மாதம் 9,000 ரூபாய் எடுத்துக்கொள்கிறது எனில், புதிய வண்டி கோரும் கூடுதல் தொகை ஏறத்தாழ 14,500. அத்தொகையை ஆறு மாதங்களுக்குத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்திப் பாருங்கள். பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் தடைபடாமல் ஆறு மாதமும் செலுத்த முடிந்தால், 87,000 ரூபாயும் வட்டியும் முன்பணத்தோடு சேரும். கடன் அந்த அளவுக்குக் குறையும். மூன்றாம் மாதமே திணறினால், பணம் கணக்கில் பத்திரமாக இருக்கும். விலை குறைந்த வண்டியை நாடலாம்.

பழைய வண்டிக்கு முறையான விடை

பழைய காரின் விலையையும் புதிய காரின் தள்ளுபடியையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். இரண்டும் ஒரே எண்ணில் கலந்தால் எதில் லாபம், எதில் நட்டம் என்பது தெரியாது. ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராமல் இருந்தவருக்குச் சொந்தச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 50 சதவீதம் வரை சலுகை உண்டு. நோ கிளெய்ம் போனஸ் எனப்படும் அச்சலுகை வண்டிக்கு உரியதன்று; உரிமையாளருக்கு உரியது. விற்கும்போது காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றைப் பெற்றுப் புதிய வண்டிக்குப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது பெயர் மாற்றம். சாவியைக் கொடுத்துப் பணத்தைப் பெற்றதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கின்றனர். வண்டி பலர் கைமாறியிருந்தாலும், பதிவு ஏட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுப் பொறுப்பில் உரிமையாளராகக் கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றம் பதிவானதை வாகன் தளத்தில் நீங்களே பாருங்கள். பழைய கடன் தீர்ந்திருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35 அளித்து, பதிவுச் சான்றிலிருந்து வங்கியின் பெயரை முன்னதாகவே நீக்கிவிடுங்கள். ஃபாஸ்டேகையும் மறவாமல் முடக்குங்கள். இல்லையேல் பிறர் கடக்கும் சுங்கச் சாவடிக்கு உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்.

புதிய வண்டி வந்த பிறகும் குறிப்பேட்டை இன்னும் நான்கு வாரங்கள் தொடரலாம். எரிபொருள் கணக்கு சரியாக இருந்ததா என்பது தெரியவரும். அதைவிட, "வராமல் நின்றவர்" என்ற பத்தியில் என்ன எழுதுகிறோம் என்று பாருங்கள். அது வெறுமையாக இருந்தால், செலவழித்த பணம் உரிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.