நீமோவின் வாலைக் கடித்தது யார்? கடல் மீன் தொட்டிக்குள் சண்டை வருவது ஏன், நிறுத்துவது எப்படி?

சிந்தாதிரிப்பேட்டை என்றதும் சென்னைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மீன் மார்க்கெட்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வஞ்சிரம், சங்கரா, நண்டு, இறால் என்று கூட்டம் அலைமோதும். அந்த மார்க்கெட்டிலிருந்து நாலைந்து தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் இருக்கும் என் நண்பன் வீட்டிலும் கடல் மீன் உண்டு. குழம்புக்கு இல்லை, பார்த்து ரசிக்க. கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, உப்புத் தண்ணீர், நடுவில் கொஞ்சம் பாறை. கூடவே ஆசை ஆசையாக வாங்கிய ஒரு ஜோடி க்ளவுன் மீன். 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் வருமே, அதே ஆரஞ்சு வெள்ளைக் கோடு மீன்தான்.

போன மாதம் ஒருநாள் இரவு 11 மணிக்கு அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. க்ளவுன் மீன்களில் ஒன்று தண்ணீரின் மேல்மட்டத்தில், ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வால் கிழிந்திருக்கிறது. கீழேயிருந்து கறுப்பாக ஒன்று அம்பு மாதிரி பாய்ந்து வந்து இடித்துவிட்டுப் போகிறது. "மச்சான், இதுங்க செத்துடுமாடா?" என்று கேட்டிருந்தான். கடைக்காரரைக் கேட்டதற்கு, "ரெண்டு நாள்ல பழகிடும் சார்" என்று பதில் வந்ததாம். அப்போது அது ஆறாவது நாள்.

அந்தக் கறுப்பு மீனின் பெயர் டோமினோ டாம்சல். நெற்றியில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று வெள்ளைப் புள்ளி. குட்டியாக இருக்கும்போது அவ்வளவு அழகு. விலையும் குறைவு, லேசில் சாகாது. அதனால் புதுத் தொட்டிக்கு 'முதல் மீன்' என்று பல கடைகளில் இதைத்தான் கையில் கொடுப்பார்கள். பிரச்சினை ஆரம்பிக்கும் இடமும் அதுவே.

முதலில் வந்தவர்தான் ஹவுஸ் ஓனர்

ரிசர்வேஷன் இல்லாத ரயில் பெட்டியில் முதல் ஆளாக ஏறுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்து, எதிர் சீட்டில் காலையும் நீட்டிக்கொள்வார். அடுத்த ஸ்டேஷனில் ஏறுபவரை ஏதோ தன் வீட்டுக்குள் நுழைந்தவர் மாதிரிப் பார்ப்பார். டாம்சல் மீனும் அப்படித்தான்.

பவளப்பாறையில் வாழும் பல டாம்சல் வகைகளுக்குச் சொந்த எல்லை முக்கியம். சில வகைகள் பாறையின் ஒரு துண்டைப் பிடித்துவைத்து, அதில் வளரும் பாசியைத் தோட்டம்போலப் பராமரிக்கும். பாசி மேய வரும் மீன், தன்னைவிடப் பெரியதாக இருந்தாலும் விரட்டிவிடும். முட்டை இட்டிருந்தால் இன்னும் மோசம், முங்குநீச்சல்காரர்களையே கடிக்க வரும். கடலில் இதில் தவறே இல்லை. துரத்தப்பட்ட மீன் சில மீட்டர் நீந்தினால் எல்லை முடிந்துவிடும். துரத்தியதும் திரும்பிவிடும்.

தொட்டிக்குள் அந்தச் சில மீட்டர் கிடையாது. நண்பனின் தொட்டி இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 110 லிட்டர். பாறையும் மணலும் போக 90 லிட்டர் தேறும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் நாலரை கேன். ஒரு டோமினோவுக்கு மொத்தத் தொட்டியுமே ஒரே எல்லைதான். அதற்குள் எந்த மூலைக்கு ஓடினாலும் அத்துமீறல்தான். சண்டை முடிவதற்கான வழியே அடைபட்டுப்போகிறது. நாம் 'ரவுடி மீன்' என்று சொல்வதில் பாதி, உண்மையில் சின்னத் தொட்டியின் வேலை.

அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக ஆய்வாளர் ரான் ஓல்ட்ஃபீல்ட் 2011-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது. அவர் எடுத்துக்கொண்டது நன்னீர் சிக்லிட் மீன். வீடுகளில் வழக்கமாக வைக்கும் சின்னத் தொட்டியில் சண்டை அதிகம். இடமும் ஒளிவிடமும் நிறைய இருந்த பெரிய தொட்டியில் சண்டை குறைந்தது.

கோடு எண்ணும் நீமோ

'எதைத் துரத்துவது' என்பதை மீன் எப்படி முடிவு செய்கிறது? பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரென்ஸ், 1963-ல் வெளியான தன் நூலில் பவளப்பாறை மீன்களைப் பற்றி ஒரு யோசனை சொன்னார். இந்த மீன்களின் பளிச் நிறங்கள் விளம்பரப் பலகை மாதிரி, 'இது என் இடம், என் இனத்தார் வராதீர்கள்' என்று அறிவிப்பவை என்றார். தன் இனம்தான் அதே உணவுக்கும் அதே பொந்துக்கும் போட்டி போடும் என்பதால் அடி அதற்குத்தான் அதிகம். இது முழு உண்மை இல்லை என்று பிறகு தெரிந்தது. டாம்சல்கள் தங்கள் உணவுக்குப் போட்டியாக வரும் எந்த இனத்தையும் விரட்டும். ஆனால் தொட்டி வைப்பவர்களுக்கு இந்த யோசனை இன்றும் உதவும். ஒரே நிறம், ஒரே உடல் வடிவம், ஒரே சாப்பாடு உள்ள இரண்டு மீன்களை ஒன்றாகப் போட்டால் பெரும்பாலும் வம்புதான்.

2024-ல் ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் சுவாரசியமான ஒன்றைக் கண்டார்கள். முட்டையிலிருந்தே தொட்டியில் வளர்ந்த, மூன்று வெள்ளைக் கோடு உள்ள க்ளவுன் மீன்கள் முன்னால், வெவ்வேறு கோடு எண்ணிக்கை உள்ள மீன்களையும் வர்ணம் பூசிய பொம்மைகளையும் காட்டினார்கள். மூன்று கோடு உள்ளவைக்குத்தான் அதிக அடி. கோடே இல்லாதவைக்குக் குறைவு. அதாவது நீமோ கோடு எண்ணுகிறது! தன்னைப் போலவே இருப்பவன்தான் தன் வீட்டைப் பறிப்பான் என்பது அதன் கணக்கு.

அப்படியானால் நீமோவும் சாது இல்லை. க்ளவுன் மீன் கூட்டத்தில் கறாரான வரிசை உண்டு. ஆகப் பெரியது பெண், அடுத்தது அதன் ஜோடி ஆண், மற்றவை எல்லாம் காத்திருப்புப் பட்டியல். பீட்டர் பஸ்டன் 2003-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வரிசையில் கீழே இருக்கும் மீன் தன் மேலதிகாரிக்குச் சவாலாகத் தெரியாமல் இருக்கத் தன் வளர்ச்சியையே அடக்கிக்கொள்கிறது. ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. பெண் இறந்துவிட்டால் ஆண் பெண்ணாக மாறிவிடும்.

இதில் கடைக்குப் போகும்போது உதவும் விஷயம் ஒன்று உண்டு. ஜோடி வாங்கினால் ஒரே அளவில் இரண்டு எடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று எடுங்கள். 'யார் பெரியவர்' என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். இரண்டு மீன் போதும், மூன்றாவது வேண்டாம்.

சென்னை வெயிலும் ஒரு காரணம்

இது எனக்கே புதிதாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் டாம்சல் குஞ்சுகளை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரே நாளில் தண்ணீரின் வெப்பநிலை 3 டிகிரிகூட ஏறவில்லை, அதற்கே மீன்களின் துணிச்சலும் ஆக்ரோஷமும் பல மடங்கு கூடியது. எல்லா மீனும் ஒரே மாதிரி மாறவில்லை. சில மீன்கள் மட்டும் தாறுமாறாக மாறின.

மே மாதம், மதியம் இரண்டு மணி, ஆள் இல்லாத பூட்டிய ஃபிளாட். 26 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவாகத்தான் கரையும். ஏற்கெனவே அடிபட்டு மூச்சு வாங்கும் மீனுக்கு அது இன்னொரு அடி. சில்லர் விலை அதிகம்தான். குறைந்தபட்சம் தண்ணீரின் மேல்பரப்பில் காற்றடிக்கும் சின்ன ஃபேனும் ஒரு தெர்மாமீட்டரும் இல்லாமல் சென்னையில் உப்புத் தண்ணீர் தொட்டி வைக்காதீர்கள். ஃபேன் காற்றில் தண்ணீர் ஆவியாகி உப்பின் அடர்த்தி ஏறும். குறையும் அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரைத் தினமும் ஊற்ற வேண்டும்.

சண்டை நடந்துகொண்டிருக்கிறது, இப்போது என்ன செய்வது?

முதலில், இது சண்டையா, வெறும் மிரட்டலா என்று பாருங்கள். புது மீன் வந்ததும் துடுப்பை விரித்துக் காட்டுவது, கொஞ்ச தூரம் துரத்துவது, பிறகு அவரவர் வேலையைப் பார்ப்பது எல்லாம் சகஜம். ஓரிரு நாளில் அடங்கும். ஆனால் துடுப்பு கிழிந்திருந்தால், மீன் மேல் மூலையைவிட்டு வரவில்லை என்றால், சாப்பிடவில்லை என்றால், செவுள் வேகவேகமாக அடித்தால், அது பழகாது. அந்த நிலையில் ஒரு ராத்திரி என்பதே அதிகம். பயத்தில் இருக்கும் மீனுக்கு எதிர்ப்பு சக்தி குறையும். உடம்பெல்லாம் உப்புத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி நோய் வந்தால், அடித்த மீனுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

உடனே விளக்கை அணையுங்கள். இருட்டில் துரத்தல் குறையும். சமையலறையில் துளை போட்ட பிளாஸ்டிக் கூடை இருந்தால், சோப்புப் படாததாகப் பார்த்து, உப்புத் தண்ணீரில் அலசி, தொட்டிக்குள் மிதக்கவிடுங்கள். அடிபட்ட மீனை அதற்குள் விடுங்கள். தண்ணீர் போய்வரும், பல் மட்டும் எட்டாது.

ஆனால் அது தற்காலிகம்தான். ஜெயிலுக்குப் போக வேண்டியது அடித்த மீன். அதைக் கூடைக்குள் நான்கைந்து நாள் வைத்துவிட்டு, பாதிக்கப்பட்ட மீனைத் தொட்டியில் சுதந்திரமாக விட வேண்டும். அந்த நாட்களில் பாறைகளை மொத்தமாக இடம் மாற்றி அடுக்குங்கள். திரும்பி வரும் டாம்சலுக்குப் பழைய பொந்து இருக்காது, பழைய எல்லையும் இருக்காது. இப்போது அதுதான் புது ஆள். ஒரே சுவராக இல்லாமல் இரண்டு மூன்று குவியலாக, ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாதபடி அடுக்குவது நல்லது. கண்ணில் படாதவனை யாரும் துரத்துவதில்லை.

பிடிப்பதுதான் பெரிய தலைவலி. வலையைப் போட்டுத் துரத்தினால் பாறை சரியும், மற்ற மீன்களும் மிரளும். கிராமங்களில் வாய்க்காலில் மீன் பிடிக்க வைக்கும் 'பறி' தெரியுமா? அதே டெக்னிக். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, கழுத்துப் பக்கம் உள்ளே போகிற மாதிரி திருப்பிச் செருகி, உள்ளே இரை வைத்துவிடுங்கள். மீன் நுழையத்தக்க அளவுக்கு வாய் இருக்கட்டும். நுழைந்தால் வெளியே வர வழி தெரியாது.

தொட்டிக்கு வெளியே கண்ணாடியை ஒட்டி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைப்பதும் பலன் தரும். சண்டைக்கார மீன் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டும், புது மீனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். நாள் முழுக்க வைக்காதீர்கள், சில மணி நேரம் போதும்.

இவ்வளவு செய்தும் அடங்கவில்லை என்றால் அந்த மீனுக்கு வேறு வீடு பார்க்க வேண்டியதுதான். கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். பாவம் பார்த்து மெரினாவில் கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டியில் தொற்றிய நோயும் கூடவே கடலுக்குப் போகும்.

வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது

உண்மையில் சண்டையை நிறுத்தும் இடம் தொட்டி இல்லை, கடை. தொட்டியில் போடப்போகும் மீன்களின் பட்டியலை முதல் மீன் வாங்கும் முன்பே எழுதிவிடுங்கள். சாதுவானவை முதலில், முரட்டு மீன் கடைசியில். கோபி, க்ளவுன் எல்லாம் வந்து செட்டிலான பிறகுதான் டாம்சல். சர்ஜன் மீன் வகைகளுக்கு வாலடியில் கத்தி மாதிரி முள் உண்டு. அதில் பவுடர் ப்ளூ டாங் அழகில் முதலிடம், முரட்டுத்தனத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். நான்கு அடித் தொட்டிகூட அதற்குக் குறைவு. கிளாத்தி இனத்து ட்ரிகர் மீன், களவா குட்டி இரண்டையும் சின்ன மீன்களோடு போடவே வேண்டாம். களவா சண்டை போடாது, நேராக விழுங்கிவிடும்.

'தொட்டியை ரெடி பண்ண முதலில் டாம்சல் போடுங்கள்' என்பது பழைய பழக்கம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை விஷத்தைத் தாங்கச் சொல்லி ஒரு மீனை உள்ளே விடுவார்கள். அது பிழைத்தால் தொட்டிக்கே ஓனர் ஆகிவிடும். இப்போது பாக்டீரியா பாட்டிலிலேயே கிடைக்கிறது. மீன் இல்லாமலே தொட்டியைத் தயார் செய்யலாம்.

கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடிக்கப்பட்டே வருகின்றன. விதிவிலக்கு க்ளவுன். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம், க்ளவுன் மீன்களையும் சில டாம்சல் வகைகளையும் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள். அப்படியே இன்னொன்று: மீன் ஒளிந்துகொள்ளட்டும் என்று யாராவது உயிருள்ள பவளத்தை நீட்டினால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்களும் கடல் குதிரையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு வரலாம்.

நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். பாட்டில் பறியில் டோமினோ சிக்கியது மூன்றாவது ராத்திரி. கூடையில் ஐந்து நாள் இருந்தது, வெளியே விட்ட அரை மணி நேரத்தில் பழைய புத்தியைக் காட்டியது. இப்போது அது அடையாறில் ஒருவரின் ஆறடித் தொட்டியில் இருக்கிறது. வால் கிழிந்த க்ளவுன், டோமினோ போன மறுநாள் மூலையைவிட்டு இறங்கி வந்து இரண்டு துண்டு இறால் சாப்பிட்டது. அதற்கும் வீடியோ வந்தது.