நந்தனம், தரமணி, கிண்டி: வீட்டுக் கணினியில் லினக்ஸ்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விரும்பிப் பதிவுசெய்கிறவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதுவும் 2026 அக்டோபரோடு சரி. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸரும் கேட்கிறது. அந்தத் தலைமுறை 2017-ல்தான் சந்தைக்கே வந்தது. பிள்ளைகளின் படிப்புக்கென்று 2014-ல் வாங்கி மயிலாப்பூர் வீட்டு ஹாலில் வைத்த கணினி, தி.நகர் கடையில் பில் போடும் கணினி, அடையாறு ஃபிளாட்டில் ஓய்வுபெற்றவர் மின்னஞ்சல் பார்க்கும் மடிக்கணினி எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காலாவதியாகிவிட்டன. உலகம் முழுக்க இப்படி ஏறத்தாழ 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியிலேயே கணக்குச் சொல்லியிருந்தது.

இவற்றில் பெரும்பாலானவற்றைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். யாருக்குச் சரிவரும், யாருக்கு வராது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கணினியின் வயதில் இல்லை, அதில் என்ன வேலை நடக்கிறது என்பதில் இருக்கிறது. சென்னை இந்தக் கேள்வியோடு இருபது ஆண்டுகளாகப் பழகியிருக்கிறது. அந்த அனுபவம் வீட்டுக்காரர்களின் காதுக்கு எட்டவில்லை என்பதே வருத்தம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். 1991-ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது கெர்னல் என்ற உட்கரு மட்டும்தான். ப்ராசஸர், நினைவகம், விசைப்பலகை ஆகியவற்றோடு நேரடியாகப் பேசும் பகுதி அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள், ஜன்னல்களும் மெனுக்களும் உள்ள முகப்பு, பிரவுசர், அலுவலக மென்பொருள் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துத் தருவதை விநியோகம் என்கிறார்கள். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், ஃபெடோரா எல்லாம் அப்படிப்பட்ட விநியோகங்கள். கெர்னலின் ஜிபிஎல் உரிமம், மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று எழுத்தில் உறுதி தருகிறது. ஆகவே நண்பரின் பென் டிரைவிலிருந்து நிறுவிக்கொள்வது திருட்டு அல்ல. திருட்டு விண்டோஸ் போட்டுத் தருவதைச் சேவையாகவே நினைத்துப் பழகிய ஊரில் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி சென்னையின் அனுபவத்துக்கு வருவோம். தி.நகருக்குப் பக்கத்தில், நந்தனம் அண்ணா சாலையில் இருக்கிறது எல்காட். தமிழக அரசுக்குக் கணினி வாங்கித் தரும் நிறுவனம். 2006-ஐ ஒட்டி அதன் நிர்வாக இயக்குநராக இருந்த ஐஏஎஸ் அதிகாரி சி.உமாசங்கர், முதலில் தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார். பிறகு அரசுக்கென்று வாங்கும் கணினிகளுக்கும் அதையே பரிந்துரைத்தார். உரிமச் செலவு மிச்சம், வைரஸ் தொல்லை குறைவு என்பதே அவர் முன்வைத்த வாதம். ஒரு மாநில அரசு நிறுவனம் மேசைக் கணினியில் லினக்ஸை இத்தனை வெளிப்படையாக ஆதரித்தது அன்றைய இந்தியாவில் அரிது.

அதே காலத்தில், தரமணி டைடல் பார்க்கில் இயங்கிய, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் பாஸ் லினக்ஸ் உருவாகிக்கொண்டிருந்தது. கட்டற்ற மென்பொருளுக்கென மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய வள மையத்தில், சி-டாக்கோடு குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் பங்கெடுத்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுதவும் படிக்கவும் வசதி செய்து, 2007 ஜனவரியில் பாஸின் முதல் பதிப்பு வந்தது. தரமணியிலேயே உள்ள கணித அறிவியல் நிறுவனம் அதற்கும் முன்பே, சாதாரண சர்வர்களை இணைத்து லினக்ஸில் ஓடும் ‘கப்ரு’ என்ற கணினித் தொகுதியை அமைத்திருந்தது. உலகின் அதிவேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2004-ல் அதுவும் இருந்தது.

மக்கள் கைக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்தது 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே. மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸும் அருகருகே இருந்தன. இயக்கியதும் எது வேண்டும் என்று கேட்கும். 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசே அறிவுறுத்தியது. 2018-ல் வந்த பதினோராம் வகுப்புப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமானது. எழுத்து, கணக்குத் தாள் பாடங்களும் ஓப்பன் ஆபீஸில்தான்.

இவ்வளவு இருந்தும் ஏன் வேரூன்றவில்லை? அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை பெரிய காரணம் எழுத்துரு. ஆண்டுக்கணக்கான கோப்புகள் ‘வானவில்’ எழுத்துருவில் இருந்தன. யுனிகோடு அல்லாத அந்தக் கோப்புகளைப் பொருத்தமான எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பித் தெரியும். 2010-ல் யுனிகோடை அரசுத் தரமாக அறிவித்த பிறகும் பழக்கம் எளிதில் மாறவில்லை. மாணவர்களின் பிரச்சினை வேறு. மடிக்கணினி கொடுத்த அளவுக்கு, அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களைத் தயார்செய்யவில்லை.

கேரளத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 2001-ல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பள்ளிகளுக்கென்றே ஒரு விநியோகத்தைத் தயாரித்தார்கள், பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வையே லினக்ஸில் வைத்தார்கள். இன்று கைட் என்ற பெயரில் அந்தப் பணி தொடர்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி மட்டும் எதிர்த் திசையில் போனது. சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி முடித்து, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 கணினிகளை மாற்றப்போவதாக 2024-ல் அறிவித்தது. அரசியலும் பயிற்சியும் சேர்ந்து தீர்மானிக்கிற விஷயம் இது. வீட்டுக் கணினிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அங்கே முடிவெடுப்பவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் இரண்டு மூன்று பேர்.

வீட்டில் செய்து பார்ப்பது எப்படி? லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் ஐஎஸ்ஓ கோப்பை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ், எட்சர் போன்ற இலவச மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் எழுத வேண்டும். கணினியை அணைத்து மறுபடி இயக்கும்போது எஃப்12 (எச்பி என்றால் பெரும்பாலும் எஃப்9) அழுத்தினால் பூட் மெனு வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்புகூட மாறாது. இதை லைவ் முறை என்பார்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்று ஒரு மாலைப்பொழுது முழுக்கச் சோதித்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் போதும், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். வாங்குவதற்கு முன் துணிக்கடையில் சட்டையைப் போட்டுப் பார்ப்பதுபோல இது. இந்தச் சோதனையைத் தாண்டாமல் யாரும் நிறுவக் கூடாது.

நிறுவும் கட்டத்தில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்றுதான். டிஸ்க்கை முழுக்க அழித்து நிறுவவா, விண்டோஸோடு சேர்த்து வைக்கவா என்று மென்பொருள் கேட்கும். முதல் விடையைக் கிளிக் செய்தால் கல்யாண ஆல்பம் முதல் பான் கார்டு ஸ்கேன் வரை எல்லாம் போய்விடும். எனவே வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவைத்த பிறகே அந்தத் திரைக்குப் போக வேண்டும்.

எத்தகைய கணினி வேண்டும்? லினக்ஸ் மின்டுக்குக் குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி. உபுண்டு 24.04 குறைந்தபட்சமே 4 ஜிபி கேட்கிறது. 2 ஜிபி மட்டும் உள்ள கணினிக்கு லுபுண்டு போன்ற இலகுவான விநியோகம் பொருந்தும். 32-பிட் ப்ராசஸர் கொண்ட மிகப் பழைய கணினிகளுக்குக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலேயே அவற்றுக்கான நிறுவல் கோப்பு இல்லை. மற்றவர்கள் ஒரே ஒரு செலவு செய்யலாம். சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் ரிச்சி தெருவில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டுக்கொண்டால், கணினி திறக்க ஆகும் நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்கும். ரேம் கூட்டுவதைவிட முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

அன்றாட வேலையில் பெரும்பகுதி இப்போது பிரவுசரில் நடக்கிறது. நெட் பேங்கிங், ஐஆர்சிடிசி, டிஜிலாக்கர், வாட்ஸ்அப் வெப், யூடியூப், பிள்ளைகளின் கூகுள் கிளாஸ்ரூம், மாதச் சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர்-1 படிவம் ஆகியவற்றுக்குக் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ போதும். அவை லினக்ஸிலும் அதே முகத்தோடுதான் இருக்கின்றன. ஜூம் லினக்ஸுக்கும் உண்டு. இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ், வேர்டு கோப்புகளையும் எக்செல் கோப்புகளையும் திறக்கும். எளிய கடிதமும் பட்டியலும் சரியாகவே வரும், மேக்ரோ எழுதிய சிக்கலான எக்செல் தாள்களில் மட்டும் இடறும்.

ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோகிறவர்களுக்குத் தனி லாபம் ஒன்று உண்டு. பல கைகள் தொட்ட கடைக் கணினியில் செருகிய பென் டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் முளைத்து நிற்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. விண்டோஸுக்கென எழுதிய அந்த வைரஸ் லினக்ஸில் ஓடாது. மறைந்த கோப்புகள் அங்கே தெரியும், ஷார்ட்கட்களை மட்டும் அழித்துவிடலாம். லினக்ஸுக்கு ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மென்பொருளைக் கண்ட இடத்தில் இறக்காமல் விநியோகத்தின் சொந்தக் கிடங்கிலிருந்து நிறுவுவதும், புதுப்பிப்புகளை ஒத்திப்போடாமல் இருப்பதும் இங்கும் அவசியம்.

மாறக் கூடாதவர்கள் யார் என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். டேலியில் கணக்கெழுதும் கடைகளும் ஆடிட்டர் அலுவலகங்களும் முதல் வரிசையில் வருகின்றன. டேலி விண்டோஸுக்கென எழுதப்பட்டது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகித் தாக்கல் செய்பவர்கள், தங்கள் டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று உறுதிசெய்யாமல் கை வைக்கக் கூடாது. பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகையும் துண்டறிக்கையும் வடிவமைக்கும் டிடிபி கடைகளுக்கும் இது உடனடி வழியல்ல. அவர்கள் கைப்பழக்கம் முழுக்கப் பழைய எழுத்துருக்களிலும் அந்த மென்பொருளிலும் ஊறியது. லினக்ஸில் அதே வேலைக்கு ஸ்கிரைபஸும் இங்க்ஸ்கேப்பும் இருக்கின்றன, ஆனால் நெருக்கும் முகூர்த்தத் தேதிக்கு நடுவில் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. போட்டோஷாப், ஆட்டோகேட் தொழிலாகச் செய்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பிரிண்டரில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. எச்பி பிரிண்டர்கள் பலவும் செருகியவுடன் வேலை செய்யும், எப்சன் தன் தளத்தில் லினக்ஸ் டிரைவர் தருகிறது. சென்னை அலுவலகங்களில் எங்கும் காணும் கேனான் எல்பிபி 2900 மட்டும் பழைய டிரைவரோடு மல்லுக்கட்ட வைக்கும். அந்த பிரிண்டர் வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் சோதித்துவிட்டு மற்றதை யோசிப்பது நல்லது.

தமிழில் எழுதுவதற்குத் தனியாக எதையும் வாங்க வேண்டாம். உபுண்டுவின் அமைப்புகளில் விசைப்பலகை என்ற பகுதியில் தமிழைச் சேர்த்தால், 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 கிடைக்கும். ஆங்கில ஒலிப்பில் தட்டச்சு செய்பவர்களுக்கும், பழைய தட்டச்சு முறையில் பழகியவர்களுக்கும் தனித்தனி அமைப்புகள் ஐபஸ் எம்17என் தொகுப்பில் இருக்கின்றன. லோகித், நோட்டோ போன்ற யுனிகோடு எழுத்துருக்களும் இலவசம். இவை தானாக வந்தவையல்ல. மெனுச் சொற்களை மொழிபெயர்த்தும் பிழைகளைத் திருத்தியும் சென்னையிலும் கனடாவிலும் இலங்கையிலும் இருந்த தமிழர்கள் ஊதியமில்லாமல் உழைத்ததன் பலன் இது. விண்டோஸ் கணினியில் தமிழ் எழுத முதல் பாதையை அமைத்தவர்களைக் கொண்டாடுகிற அளவுக்கு, இவர்களை நாம் இன்னும் கொண்டாடவில்லை.

உதவிக்கு ஆள் இருக்கிறார்களா என்பதுதான் பெரும்பாலோரின் தயக்கம். 1998-லிருந்து இயங்கும் இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது வழக்கம். கிண்டி ஐஐடி வளாகத்தில் கஜேந்திரா சர்க்கிள் அருகே உள்ள ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறை பல ஆண்டுகள் அதன் கூடுமிடமாக இருந்தது. கொரோனாவுக்குப் பின் இணையவழிச் சந்திப்புகளும் நடக்கின்றன. பேராசிரியரும் முதலாண்டு மாணவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசும் கூட்டம் அது. நுழைவுக் கட்டணம் கிடையாது. 2012-ல் தொடங்கிய கணியம் இதழும் அதிலிருந்து வளர்ந்த கணியம் அறக்கட்டளையும், லினக்ஸ் முதல் நிரலாக்கம் வரை எளிய தமிழில் நூல்களை இலவச மின்னூல்களாக வெளியிட்டுவருகின்றன. விழுப்புரத்தில் இதே ஆர்வத்தோடு இயங்கும் பயனர் குழு, மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது. 2023 ஜனவரியில் டெபியன் பயனர்களின் தமிழ்நாட்டு மாநாடு அங்கேதான் நடந்தது.

இவர்களிடம் உதவி கேட்கிறவர்கள் கணினியின் மாடல் பெயர், ரேம் அளவு, பிரிண்டரின் மாடல் எண் மூன்றையும், தங்களால் கைவிட முடியாத விண்டோஸ் மென்பொருள் எது என்பதையும் குறித்துக்கொண்டு போனால், மாறலாமா வேண்டாமா என்பதற்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிடும்.