செரியபாணியை நிறுத்திய அலைகள்

2023 அக்டோபர் 14. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து 50 பயணிகளுடன் 'செரியபாணி' என்ற அதிவேகக் கப்பல் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. நாகப்பட்டினம் நமக்குப் புதிய பெயரன்று. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலில், அந்தத் துறைமுகத்தின் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த குடும்பங்கள் பல. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ராமேஸ்வரம்-தலைமன்னார் கப்பல் 1980களில் நின்றபின், தமிழ்நாட்டையும் வட இலங்கையையும் இணைக்கப் பயணிகள் கப்பல் இல்லை. ஏறத்தாழ 40 ஆண்டு இடைவெளியை நிரப்ப வந்தது, லட்சத்தீவுகளுக்கு இடையே ஓடிவந்த செரியபாணி. 150 இருக்கைகள் கொண்ட அந்தக் கப்பலின் புதிய பணி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையால் சேவை நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது.

அதிவேகக் கப்பல் மழைக்கு அஞ்சுமா?

எது அதிவேகம்?

முதலில் ஒரு கணக்கு. பயண தூரம் 60 கடல் மைல், நேரம் சுமார் மூன்றரை மணி. வகுத்தால் மணிக்கு 17 கடல் மைல், அதாவது 17 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக, மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர்தான்! நம் சாலையில் பேருந்தே இதைவிட வேகமாகப் போகும்.

ஆனால் கடலில் 'அதிவேகம்' என்பது கப்பலின் அளவைப் பொறுத்தது. அனைத்துலகக் கடல்துறை அமைப்பின் விதி இது: கப்பல் விலக்கும் நீரின் கன அளவை (கனமீட்டரில்) எடுத்து, அதன் ஆறாம் மூலத்தை 3.7ஆல் பெருக்குங்கள். கப்பலின் உச்ச வேகம், வினாடிக்கு மீட்டர் கணக்கில், அந்த விடையை எட்டினால் அது அதிவேகக் கப்பல்.

64 கனமீட்டர் நீரை விலக்கும் படகுக்கு ஆறாம் மூலம் 2. வினாடிக்கு 7.4 மீட்டர், அதாவது சுமார் 14 நாட் போதும். 4,096 கனமீட்டர் என்றால் ஆறாம் மூலம் 4. அந்தக் கப்பலுக்கு சுமார் 29 நாட் வேண்டும்.

ஏன் இந்த வேறுபாடு? ஓடும் கப்பல் தானே அலைகளை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீள்கிறது. நீளம் குறைந்த கப்பல், தான் எழுப்பிய அலையின் மீதே ஏற வேண்டிய நிலைக்கு விரைவில் வந்துவிடும். அதற்குமேல் வேகம் வேண்டுமானால் எடையைக் குறைக்க வேண்டும், உடலை ஒல்லியாக்க வேண்டும். அதனால்தான் அதிவேகக் கப்பல்கள் பலவற்றை அலுமினியத்தில் கட்டுகிறார்கள். அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான். தானா மேராவிலிருந்து பிந்தான் செல்லும் ஃபெர்ரியைக் கவனியுங்கள். ஒல்லியான இரண்டு உடல்களின் மேல் ஒரே தளம் அமைந்திருக்கும்.

வேகத்துக்குக் கொடுக்கும் விலை

எடை குறைந்த கப்பலை அலை எளிதில் தூக்கும். தூக்கியதும் கீழே விடும். அப்போது கப்பலின் அடிப்பகுதி நீரில் அறைந்து மோதுகிறது. மோதும் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பயணிகள் தள்ளாடுவார்கள், கப்பலின் உடலும் சேதமடையலாம்.

ஆகவே அதிவேகக் கப்பலுக்குத் தரும் இயக்க அனுமதியிலேயே, எவ்வளவு உயர அலை வரை ஓடலாம் என்ற வரம்பு இருக்கும். ஒதுங்கக்கூடிய இடத்திலிருந்து நான்கு மணி நேரப் பயணத் தொலைவைத் தாண்டியும் அது போகக்கூடாது. சிக்கல் மழைத்துளியில் இல்லை, பருவக்காற்று எழுப்பும் அலையில்தான். நாகப்பட்டினம் கடலோரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் காற்றின் காலம். செரியபாணி வந்து சேர்ந்தது அதன் வாசலில்!

2024 ஆகஸ்ட் 16 அன்று அதே வழித்தடத்தில் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. அதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் புறப்பட்டது.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். அக்கரையிலுள்ள உறவினரைக் காண மக்கள் மிகவும் விரும்பும் தீபாவளியும் பொங்கலும் இந்த மழைக்காலத்திலும் அதை ஒட்டியும்தான் வருகின்றன. பெரிய, கனமான கப்பல் மெதுவாகப் போனாலும் கூடுதல் நாள் ஓடக்கூடும்; ஆனால் அதை நிரப்ப நிறையப் பயணிகள் வேண்டும்.

நீங்கள் கப்பல் பொறியாளரானால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? எத்தனை நாட் வேகம் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆண்டில் எத்தனை நாள் ஓடும் என்பதையும் கேளுங்கள்.