பழைய புல்லட்டுக்கு அவசரம் ஆகாது

தாழ்வாரத்தில் சாக்கு போர்த்திக் கிடக்கும் அப்பா காலத்துப் புல்லட்டை மறுபடி ஓடவிட நினைப்பவருக்கு, போளூரானாலும் ஆரணியானாலும், இரண்டு வழி உண்டு. மொத்தமாகப் பட்டறையில் விட்டு, ஒரே மாதத்தில் பளபளவென்று திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது ஒவ்வொரு பாகமாகக் கழற்றிச் சரிசெய்யவும் செய்யலாம். இரண்டாவதே சரியான வழி என்பேன். செலவு குறையும் என்பதற்காகச் சொல்லவில்லை. பழைய வண்டி என்பது அதைச் செய்த காலத்துக்கும் கைகளுக்கும் சாட்சி. அவசர வேலை முதலில் அழிப்பது அந்தச் சாட்சியைத்தான்.

அந்தச் சாட்சி நம் மாநிலத்தோடு தொடர்புள்ளது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. அங்கிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டுவதில் ஆரம்பித்து, படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. ஆனால் 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அதே அளவில் வார்ப்பிரும்பு எஞ்சின் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சென்னையில் உற்பத்தியானது. டேங்கின் மேல் ஓடும் தங்கக் கோட்டைத் தொழிலாளர்கள் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தார்கள். டேங்கைச் சுரண்டிப் புது பெயின்ட் அடித்தால் அந்தக் கைவேலை அன்றோடு போயிற்று.

மெதுவாகச் செய்வதே இந்த வேலையின் நுட்பமும்கூட. துருவேறிய போல்ட்டுக்கு டீசல் விட்டு நாலு நாள் ஊறவிட்டால் தானாக இளகும். அவசரப்பட்டு ஸ்பானரைத் திருகினால் தலை முறியும். ஆரம்பகாலப் புல்லட்டுகளில் பிரிட்டிஷ் அளவு மரைகள் இருந்தன. அதில் இன்றைய மெட்ரிக் போல்ட்டை வலிந்து ஏற்றினால் மரையே போய்விடும். ஸ்டார்ட் செய்வதற்கும் பொறுமை வேண்டும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால் ஹெட்லைட்டுக்கு மேலுள்ள அம்மீட்டர் முள் அசையும். முள் நடுவில் நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஸரை இழுத்துக் கிக்கரை இன்னும் சற்றே தள்ளி, அப்புறம் டீகம்ப்ரஸரை விட்டுவிட்டு ஒரே உதை. முள் சரியாக நகரவில்லை என்றால் பாயின்ட்டையோ ஒயரிங்கையோ பார்க்க வேண்டும். இதையெல்லாம் கழற்றிப் பூட்டியவர்தான் அறிவார்.

வாழ்நாள் பூராவும் வண்டி பிரிந்தே கிடக்கும் என்பது பலரும் சொல்லும் ஆட்சேபம். அது நியாயமான பயம்தான். ஆனால் மொத்த வண்டியையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டால்தான் அப்படி ஆகும். பிரேக் முடிந்த பிறகே எஞ்சின் என்று போனால் வேலை தேங்காது. ஸ்பேர் கிடைக்காது என்பார்கள். பல ஆண்டுகள் ஒரே வடிவில் வந்த வண்டி என்பதால் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். புஷ் போன்றவற்றை பம்பு செட்டு வேலை பார்க்கும் உள்ளூர் லேத்திலேயே கடைந்து வாங்கலாம். பழைய வண்டி புகை கக்கும் என்ற வாதமும் உண்மைதான். ஆனால் இத்தகைய வண்டிகளை ஓட்டுவதற்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. 2021-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம்; அன்றாடப் போக்குவரத்துக்குக் கூடாது. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைத்திருக்கக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. ஆக, அவசரத்தில் வேறு எஞ்சினை ஏற்றுபவர் வரலாற்றோடு சேர்த்துச் சட்டம் தரும் தகுதியையும் இழக்கிறார்.

ஆரணிப் பட்டுத் தறியில் பாவு தீர்ந்தால், பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். பழைய பாவை வெட்டி எறிந்துவிடுவதில்லை. வண்டி வேலைக்கும் அதே முறைதான் பொருந்தும். முதலில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கழற்றும் முன் படம் எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டு எழுதிக் கட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அடுத்த தலைமுறை அதை அளந்து பார்த்துத்தான் சரியான பாகத்தைச் செய்ய முடியும்.