விடுதலை என்றால் வழக்கு முடிந்ததா?

ஊழல் வழக்கில் ஒருவர் விடுதலையானதும் வாட்சாப் குழுக்களில் இரண்டே பேச்சுதான். ஒரு பக்கம் "அவர் நிரபராதி" என்பார்கள். மறு பக்கம் "எல்லாம் பணம் செய்த வேலை" என்பார்கள். எந்தக் காரணத்துக்காக நீதிமன்றம் விடுவித்தது என்று கேட்பவர்கள் குறைவு.

நம் ஜோகூரின் முன்னாள் மந்திரி பெசாரும் முன்னாள் பிரதமருமான டான் ஸ்ரீ முஹிடின் யாசின் வழக்கைப் பாருங்கள். பிரதமர் பதவியைப் பயன்படுத்தித் தம் பெர்சத்து கட்சிக்கு 23 கோடியே 25 லட்சம் ரிங்கிட் கையூட்டு பெற்றதாக 2023 மார்ச் 10-ஆம் தேதி அவர்மீது 4 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவர் மறுத்தார். ஆகஸ்ட் 15-ஆம் தேதி கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் அந்த நான்கிலிருந்தும் அவரை விடுவித்தது. அதுவரை ஒரு சாட்சிகூட விசாரிக்கப்படவில்லை. குற்றம் எப்படி நடந்தது என்பதைக் குற்றச்சாட்டுகள் தெளிவாகக் கூறவில்லை என்பதே காரணம்.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், குற்றச்சாட்டுகள் தெளிவாகவே இருப்பதாகக் கூறி அவற்றை மீண்டும் நிலைநிறுத்தினர். அதற்காக அவர் குற்றவாளி என்று ஆகிவிடாது. சாட்சியங்களை இனிமேல்தான் விசாரிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஒருமுறை விடுதலையானவரை மீண்டும் விசாரிக்கலாமா? கூடாது என்பதே கூட்டரசு அரசியலமைப்பின் 7-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. ஆனால், மேல் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டால் விசாரிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.

மேல்முறையீட்டு அறிவிப்பை 14 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பாசிர் கூடாங்கில் ஓர் அதிகாரிமீது வரும் வழக்கு ஜோகூர் பாரு செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொடங்கினால், அடுத்து உயர்நீதிமன்றம், அதன்பின் மேல்முறையீட்டு நீதிமன்றம். அத்தோடு சரி. உயர்நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு மட்டுமே கூட்டரசு நீதிமன்றம்வரை போகலாம்.

மேல்முறையீடு செய்வதா, செய்ததை மீட்டுக்கொள்வதா என்பதை முடிவு செய்பவர் அரசுத் தரப்பு வழக்கறிஞராகவும் இருக்கும் சட்டத்துறைத் தலைவர். 20 லட்சம் ரிங்கிட் தொடர்பான வழக்கில் தெங்கு அட்னானை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜூலையில் பெரும்பான்மைத் தீர்ப்பில் விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து, பிறகு மீட்டுக்கொண்டது. வழக்கு அங்கேயே முடிந்தது.

அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும் வழக்கு நடத்துபவரும் ஒருவராகவே இருக்கலாமா என்ற விவாதம் எழுவது இதனால்தான். முதன்முறை வாக்களிக்கப்போகும் நமக்கும் அதில் பங்குண்டு. அடுத்த முறை 'விடுதலை' என்ற தலைப்பைப் பகிருமுன் மூன்றைத் தேடிப் படியுங்கள்: சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்களா, நீதிபதி சொன்ன காரணம் என்ன, அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ததா?