பயப்படுவது ஈமானின் குறையா?

சில மாதங்களுக்கு முன் வல்லத்திலிருந்து ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பையனுக்கு 11 வயது. நாயைக் கண்டால் உடல் நடுங்குகிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. முதலில் பஜ்ருக்குப் பள்ளிவாசல் போவதை நிறுத்தினான். பிறகு டியூஷன். இப்போது கடைக்குக்கூடத் தனியாகப் போவதில்லை. "ஜின் கோளாறாக இருக்குமா ஹஜ்ரத்? தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்றார். ஓதிக் கொடுத்தோம். டாக்டரிடம் காட்டினீர்களா என்றும் கேட்டோம். "பயத்துக்கெல்லாமா டாக்டர்?" என்று வியந்தார்.

பயத்துக்கும் டாக்டர் உண்டு. ஆனால் எல்லாப் பயமும் நோயாகிவிடாது. தெருநாய் கடிக்கும், வெறிநாய்க்கடி உயிரையே எடுக்கும். எனவே ஒதுங்கிப் போவது அறிவு. அந்தப் பயம் அல்லாஹ் நமக்குத் தந்த பாதுகாப்பு. கட்டிப்போட்ட நாயைக் கண்டாலும், படத்தில் பார்த்தாலும் அதே நடுக்கம் வந்து, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைச் சுருக்கிவிட்டால், அதை ஃபோபியா, அதாவது அச்சநோய் என்கிறார்கள். இருட்டு, உயரம், லிஃப்ட், விமானம், ஊசி என்று இதற்குப் பல வடிவங்கள். ஹஜ்ஜுக்குப் பணம் கட்டிவிட்டு விமானத்தை நினைத்தே உறக்கம் இழந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

காரணம் ஒன்றல்ல. ஒருமுறை கடிபட்டிருக்கலாம். கடிபட்டவரைப் பார்த்திருக்கலாம். அம்மா பல்லியைக் கண்டு அலறுவதைப் பார்த்தே குழந்தை பல்லிக்குப் பயப்படக் கற்றுக்கொள்கிறது. "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான்" என்ற நம் வீட்டு மிரட்டலும் சேர்த்தி. பரம்பரையாக வரும் சுபாவத்துக்கும் பங்கு உண்டு.

பயம் எப்படி வந்தது என்பதைவிட, ஏன் போகாமல் நிற்கிறது என்பதுதான் முக்கியம். பையன் நாயைப் பார்த்ததும் வீட்டுக்குள் ஓடிவிடுகிறான். உடனே நெஞ்சு லேசாகிறது. ஓடியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்கிறது. ஓட ஓடப் பயம் வளரும்.

சிகிச்சை இந்தக் கணக்கைத் திருப்புகிறது. 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் அருகே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (இறப்பு 934), உடல் நலத்தோடு மன நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். அஞ்சும் காட்சிகளையும் ஒலிகளையும் திரும்பத் திரும்ப எதிர்கொண்டு மனத்தைப் பழக்குவது அவர் சொன்ன வழிகளில் ஒன்று. மதரஸாவிலும் சரி, கல்லூரியிலும் சரி, இவர் பெயர் நம் காதில் விழவே இல்லை!

படிப்படியாக என்பதுதான் இதில் உயிர். பிள்ளையைத் தரதரவென இழுத்துப்போய் நாய் முன் நிறுத்துவது சிகிச்சை ஆகாது. படம், வீடியோ, தூரத்தில் கட்டிய நாய் என்று ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் பயம் தானே தணியும்வரை நிற்க வேண்டும். நாயைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. தெருவைக் கடந்து போக முடிந்தால் போதும். படபடப்பைக் குறைக்கச் சிலருக்கு மருத்துவர் மாத்திரை தருவார். அது துணைதான்.

ரத்தத்தைக் கண்டு பயப்படுவது மட்டும் சற்று வேறு. குர்பானி நாளில் மயங்கி விழும் வாலிபரை "ஆம்பளையா நீ" என்று கேலி செய்கிறோம். மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். இதில் ஏறிய வேகத்தில் இறங்கிவிடும், அதனால் மயக்கம். இவர்கள் கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை 10, 15 விநாடி இறுக்கி, பிறகு தளர்த்தி, சில முறை இப்படிச் செய்யப் பழகினால் மயக்கத்தைத் தடுக்கலாம்.

"ஈமான் இருந்தால் பயம் வராது" என்று சொல்பவர்கள் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நினைக்கட்டும். கைத்தடி பாம்பாக நெளிந்தபோது அவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடியதைக் குர்ஆனே சொல்கிறது. அவர்களை அல்லாஹ் பழிக்கவில்லை; அஞ்ச வேண்டாம் என்று தேற்றி, அதைப் பிடிக்கச் சொன்னான். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் மாண்டார்கள். அவர்களுடையது அச்சநோயைவிடக் கடுமையான நோய். ஆனால் எல்லாவற்றையும் ஜின் என்று சொல்லி மருத்துவரைத் தள்ளிப்போடும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்துள்ளது.

நம் பகுதியினர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ மனநலப் பிரிவில் காட்டலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அந்தப் பையன் சிகிச்சைக்குப் போய்வருகிறான். டியூஷனுக்குத் தனியாகப் போகிறான். பஜ்ருக்கு மட்டும் இன்னும் அத்தா கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறான்.