பிள்ளைகள் பங்கை விற்க தாய்க்கும் அதிகாரம் இல்லை! கோர்ட்டு அனுமதி அவசியம். இலவசமாக வக்கீல் கிடைப்பார்

காட்டுப்பள்ளி,

கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே உள்ள மீனவர் பகுதி காட்டுப்பள்ளி. துறைமுகம் வந்த இடம். நிலம் கேட்டு ஆள் வருவது சகஜம்.

தொழிலுக்குப் போன ஒரு மீனவர் கரை திரும்பவில்லை என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் வயதான தாய், மனைவி, 2 சின்னப் பிள்ளைகள். வாசலில் கடன்காரர்.

"நிலத்தைக் கொடுத்துடும்மா. புள்ளைங்களுக்கு நீதானே கார்டியன்? உன் கையெழுத்தும் மாமியார் கையெழுத்தும் போதும்" என்பார் புரோக்கர்.

போதாது!

4 பேருக்கும் சமபங்கு

இந்து வாரிசு சட்டப்படி, சொந்தமாகச் சம்பாதித்த நிலத்துக்கு உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு. இந்த வீட்டில் ஆளுக்கு கால் பங்கு.

மனைவி தன் கால் பங்கை விற்கலாம். பிள்ளைகளின் அரைப் பங்கில் கை வைக்க முடியாது. 1956-ம் ஆண்டு மைனர் கார்டியன் சட்டத்தின் 8-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. கோர்ட்டு அனுமதி இல்லாமல் மைனர் நிலத்தை விற்கக் கூடாது. அடமானம் வைக்கக் கூடாது. 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கும் விடக் கூடாது.

வாங்கியவர் கதி?

மீறி விற்றால், பிள்ளைக்கு 18 வயது ஆனதும் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம்.

பணம் கொடுத்து வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான். பத்திரத்தில் "மைனருக்காக தாய்" என்று கண்டால், கோர்ட்டு உத்தரவு எங்கே என்று கேளுங்கள்.

அவசியத் தேவை இருந்தாலோ, விற்பதால் பிள்ளைக்கு நன்மை என்று தெளிவாகத் தெரிந்தாலோ கோர்ட்டு அனுமதி தரும்.

பீஸ் கிடையாது

"வக்கீலுக்குக் கொடுக்க காசு ஏது?" என்று கலங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பே இல்லை. பொன்னேரி கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வயது வந்தும் கார்டியன்

மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை 18 வயதைத் தாண்டினால்?

அதற்கு 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளை சட்டம் இருக்கிறது. கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்தால் கார்டியனை நியமிப்பார்கள். அவர் சும்மா இருக்க முடியாது. 6 மாதத்தில் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும்.

புரோக்கர் அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் பொன்னேரிக்கு பஸ் ஏறுங்கள்.